கண்ணாடித் தொட்டியில் லைவ் ராக்: பாறையை எதன்மேல் நிறுத்துவது?

கடல்நீர்த் தொட்டி அமைக்க முனைபவர்கள் ஏதாவதொரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: 30 கிலோ லைவ் ராக்கை (பாக்டீரியாக்களும் சிற்றுயிர்களும் குடியேறிய பவளப்பாறையை) உள்ளே அடுக்கினால் கண்ணாடி அடித்தட்டு தாங்குமா? ஒழுங்காகக் கட்டப்பட்ட தொட்டி என்றால் தாங்கும். பாறையின் மொத்த எடையால் மட்டும் அடித்தட்டு உடைவது அரிது. அந்த எடை எவ்வளவு சிறிய பரப்பின்மேல் இறங்குகிறது, அடுக்கு சரியாமல் நிற்குமா, அடித்தட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்னும் மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. பாறையை வெறும் கண்ணாடிமேல் வைக்கலாம். மணல் பரப்பி அதன்மேல் வைக்கலாம். எக் கிரேட் எனப்படும் பிளாஸ்டிக் கட்ட வலையை இடலாம். அக்ரிலிக் பலகையையோ, எச்டிபிஇ எனப்படும் கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பலகையையோ விரிக்கலாம். பிவிசி குழாயில் சட்டம் கட்டி உயர்த்தலாம். ஐந்துக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஐந்தும் சமமானவை அல்ல என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

எடையின் உண்மையான அளவு

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். சுவர்கள் 10 மி.மீ., அடித்தட்டு 12 மி.மீ. கண்ணாடி, நீர் 45 செ.மீ. உயரத்துக்கு நிற்கிறது. கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 57 கிலோ. இரண்டரை சென்டிமீட்டர் மணல் 20 கிலோ அளவுக்கு வரும். பாறை 30 கிலோ. பாறையும் மணலும் அடைத்த இடம் போக மிஞ்சும் கடல்நீர் சுமார் 215 கிலோ. ஆக மேடைமேல் நிற்பது 320 கிலோவுக்கு அருகில்.

இதில் பாறையின் பங்கு நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. பவளப்பாறை என்பது கால்சியம் கார்பனேட். அதன் திடப்பகுதி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 முதல் 2.9 கிராம் வரை எடை கொண்டது. 30 கிலோ பாறை நீரில் மூழ்கும்போது கிட்டத்தட்ட 11 கிலோ நீரை விலக்குவதால், அடித்தட்டை அழுத்துவது 19 கிலோ மட்டுமே. இதே தொட்டியில் நீர்மட்டம் மூன்றரை சென்டிமீட்டர் உயர்ந்தால் கூடும் சுமையும் இதே அளவுதான். நீர் மட்டுமே அடித்தட்டின்மேல் 230 கிலோ அளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கும்போது, பாறை சேர்க்கும் 19 கிலோவால் அது உடையும் என்றால் அந்தத் தொட்டி வெறும் நீருக்கே பாதுகாப்பற்றது என்று பொருள்.

இந்த மிதப்புவிசை நீர் இருக்கும்வரை மட்டுமே உதவுகிறது. வீடு மாறும்போதோ பழுது பார்க்கும்போதோ நீரை முழுவதும் வடித்தால் பாறை தன் முழு எடையுடன் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் அழுத்தம் ஒன்றரை மடங்காகும். நீரில் அசையாமல் நின்ற அடுக்கு அப்போது அசையக்கூடும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், தொட்டி வறண்டிருக்கும் நிலையிலும் அடுக்கு நிற்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.

தொடுபுள்ளியும் கீறலும்

45 செ.மீ. ஆழமுள்ள கடல்நீர் அடித்தட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மேலும் 46 கிராம் அளவுக்கு அழுத்துகிறது. இப்போது 5 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பாறை, இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் முனையுள்ள மூன்று மூக்குகளால் கண்ணாடியைத் தொட்டு நிற்பதாகக் கொள்வோம். நீருக்குள் ஒவ்வொரு மூக்கிலும் இறங்குவது ஏறத்தாழ ஒரு கிலோ. அதைப் பரப்பால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 26 கிலோ வருகிறது. நீரின் அழுத்தத்தைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல்.

நசுக்கும் விசையாக மட்டும் பார்த்தால் இதைக் கண்ணாடி எளிதில் தாங்கும். கண்ணாடியின் பலவீனம் இழுவிசையில் இருக்கிறது. 1921-இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஏ. ஏ. கிரிஃபித் காட்டியதுபோல், ஒரு கண்ணாடித் துண்டின் வலிமையை அதன் மேற்பரப்பில் ஏற்கனவே இருக்கும் நுண்விரிசல்களே தீர்மானிக்கின்றன. ஒரு கீறல், அதன் குறுக்கே இழுவிசை, நீண்ட காலம் என்னும் மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் விரிசல் நகரத் தொடங்கும்.

கீறலைப் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எண் கூடக் கூடக் கடினம் கூடும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி 5.5 அளவில் இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டின் இரு கனிம வடிவங்களான கால்சைட் 3, அரகொனைட் 3.5 முதல் 4 வரை. எனவே பவளப்பாறை கண்ணாடியைவிட மென்மையானது. கண்ணாடியோடு உரசினால் தேய்வது பாறைதான். கண்ணாடியைக் கீறுவது பாறைக்கடியில் சிக்கும் குவார்ட்ஸ் பருக்கை. அதன் அளவு 7. நம் கடற்கரை மணலிலும் ஆற்று மணலிலும் குவார்ட்ஸ் நிறைந்திருக்கிறது. கன்னியாகுமரி, மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் அதோடு கார்னெட் என்னும் கடினமான கனிமமும் கலந்திருக்கும். அரகொனைட் மணலுக்குப் பதிலாக இத்தகைய மணலை இட்டு, அதன்மேல் பாறையை நகர்த்தி நகர்த்தி இடம் பார்ப்பவர், அடித்தட்டை உப்புத்தாளால் தேய்ப்பவருக்குச் சமமானவர்.

அடித்தட்டின் கீழே பார்த்துவிட்டுத்தான் மேலே

தொட்டி இரண்டு வகைப்படும். பிளாஸ்டிக் சட்டம் பொருத்திய தொட்டியில் எடை முழுவதும் நான்கு ஓரங்கள் வழியே மேடைக்கு இறங்குகிறது; அடித்தட்டு மேடையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் கட்டித்தரும் சட்டமில்லாத கண்ணாடித் தொட்டியில், அடித்தட்டு முழுவதும் ஒரு தெர்மாகோல் தாளின்மேல் படிந்திருக்கும். உங்கள் தொட்டி எந்த வகை என்று ஐயம் இருந்தால், அடிவிளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஓரங்களில் மட்டும் நிற்கும் தட்டு.

முழுவதும் படிந்த தட்டு வளைய இடமில்லை. பாறை நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும் எடை நேராக மேடைக்குப் போய்விடும். ஓரங்களில் மட்டும் நிற்கும் தட்டோ வளையும். சதுரத் தட்டுக்கான பொறியியல் கணக்கின்படி, ஒரே எடை பரவலாக இருப்பதைவிட நடுவில் ஒரே புள்ளியில் குவிந்தால் தட்டு கிட்டத்தட்ட மூன்று மடங்கு வளைகிறது. நீண்ட செவ்வகத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். எனவே சட்டமுள்ள தொட்டியில் நடுவே ஒரு மலையை எழுப்புவதைவிட, இரு முனைகளை நோக்கி இரண்டு தனி அடுக்குகளாகப் பிரிப்பது நல்லது. இந்த வகைத் தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் வைக்கக் கூடாது. ஓரங்களுக்கென்று வடிவமைத்த தாங்குமுறையை அது குலைத்து, நடுத்தட்டை மேல்நோக்கித் தள்ளிவிடும்.

சட்டமில்லாத தொட்டியில் கவனிக்க வேண்டியது வேறு. தெர்மாகோலை விரிக்கும் முன் மேடையை ஈரத்துணியால் துடைத்து, கையால் தடவிப் பார்க்க வேண்டும். தட்டுக்கடியில் சிக்கிய ஒரு கல்துகள் கீழிருந்து மேலாகக் குத்தும்போது, கண்ணாடியின் மேற்பரப்பு இழுவிசைக்கு உள்ளாகிறது. பாறையை நகர்த்தியதால் விழுந்த கீறல்கள் இருப்பதும் அதே மேற்பரப்பில்தான்.

ஐந்து வழிகள்

வெறும் கண்ணாடிமேல் பாறையை வைப்பது, சொல்லப்படும் அளவுக்கு ஆபத்தானதன்று. வேகமான நீரோட்டம் வேண்டும் எஸ்பிஎஸ் எனப்படும் சிறுபாலிப் கற்பவளங்களை வளர்ப்பவர்கள் மணலே இல்லாமல் இப்படித்தான் பல்லாண்டுகள் நடத்துகிறார்கள்; கழிவு எங்கே தேங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிவதால் உறிஞ்சி எடுப்பதும் எளிது. பாறை மென்மையானது, கீழே மணல் பருக்கை இல்லை, ஒவ்வொரு துண்டின் அடிப்பக்கத்தையும் உளியால் தட்டிச் சமனாக்கியாயிற்று என்றால், நிலையாக நிற்கும் எடையால் கேடு வருவதற்கு வழி குறைவு. குறை வேறிடத்தில் இருக்கிறது. மேலிருந்து ஒரு துண்டு தவறி விழுந்தால் இடையில் எதுவும் இல்லை. 5 கிலோ பாறை நீர் இல்லாத தொட்டியில் 30 செ.மீ. விழுந்தால் 15 ஜூல் அளவு ஆற்றல் ஒரு முனையில் இறங்கும். நீருக்குள் விழுந்தால் மிதப்பும் நீரின் தடையும் அதை 9 ஜூலுக்குக் கீழே கொண்டுவரும். பாறை அடுக்கும் வேலையை வறண்ட தொட்டியில் செய்யாமல், கால்பங்கு நீர் ஊற்றியபின் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணலைப் பரப்பி அதன்மேல் பாறையை வைப்பதுதான் புதியவர்கள் இயல்பாகத் தேர்வது. மணல் மெத்தைபோல் எடையைத் தாங்கிக்கொள்ளும் என்று தோன்றுகிறது. ஐந்து வழிகளில் நான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வது இதைத்தான். மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. வேவ்மேக்கர் என்னும் அலைப் பம்பு எழுப்பும் ஓட்டம் பாறையின் அடிவிளிம்பில் சுழன்று பருக்கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுக்கிறது. பாறை ஒருபக்கம் இறங்குகிறது. உயிரினங்கள் இதைவிட வேகமாக வேலை செய்கின்றன. பிஸ்டல் இறால் தன் கோபி மீனோடு சேர்ந்து பாறையின் அடியில் சுரங்கம் தோண்டி, மணலை வாரி வாயிலில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஜாஃபிஷ் மணலை வாயால் அள்ளித் துப்பிக் கிணறு தோண்டும். டயமண்ட் கோபி நாள்முழுதும் மணலைச் சலிக்கும். இன்ஜினியர் கோபி வளர வளர ஒரு பாறையின் அடி முழுவதையும் வெறுமையாக்கிவிடும். மேலே பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. உள்ளே தாங்கு இல்லை. ஒருநாள் அடுக்கு சரிகிறது. அடித்தட்டு தப்பினாலும், பக்கச் சுவரில் மோதும் பாறைக்குச் சுவர் தப்ப வேண்டும். கீழே சிக்கும் மீனின் கதி வேறு. வரிசையை மாற்றினாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்: முதலில் பாறை அடித்தட்டையோ அதன் மேலுள்ள பலகையையோ தொட்டு நிற்கட்டும், பிறகு அதைச் சுற்றி மணலைக் கொட்டுங்கள். அதன்பின் எந்த விலங்கு எவ்வளவு தோண்டினாலும் பாறை அசையாது. இறாலும் கோபியும் வாழ்வதற்கு அப்போதும் போதிய மணல் இருக்கும்.

எக் கிரேட் என்பது டியூப் லைட்டுகளுக்குக் கீழே பொருத்தும், சிறு சதுரக் கட்டங்கள் கொண்ட பிளாஸ்டிக் வலை. பாறையின் மூக்குகள் கட்டங்களுக்குள் பொருந்தி வழுக்காமல் நிற்பது இதன் உண்மையான நன்மை. ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு கழிவுக் குழி. மணலுக்கடியில் நீர் நகராத அந்தக் குழிகளில் கழிவு தேங்கி, நாளடைவில் அழுகும் நிலை உண்டாகிறது. தோண்டும் மீன்கள் வலையை வெளிக்காட்டிவிடுவதும் உண்டு. வைப்பதாக இருந்தால் அடித்தட்டு முழுவதற்கும் விரிக்காமல், பாறை தொட்டு நிற்கும் அடிப்பகுதிக்கு மட்டும் வெட்டி வையுங்கள்.

பலகை இதே வேலையைக் குழிகள் இல்லாமல் செய்கிறது. எச்டிபிஇ பலகைக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. பாத்திரக் கடையில் கிடைக்கும், காய்கறி நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை பெரும்பாலும் அதுதான். உலோக வளையமோ கிருமிநாசினிப் பூச்சோ இல்லாத வெறும் பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும். எச்டிபிஇ நீரைவிட இலேசானது; பாறை ஏறும்வரை மிதக்கும், சிலிக்கான் பசையும் அதில் ஒட்டாது. அக்ரிலிக் மூழ்கும், சீராக வெட்டலாம், துளையிடலாம். ஆனால் எச்டிபிஇ அளவுக்கு அடியை விழுங்காது, விரிசல் விடக்கூடும். பாறை விழும் அபாயத்துக்கு எச்டிபிஇ, பாறையைப் பலகையோடு முடுக்கி நிறுத்துவதற்கு அக்ரிலிக் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பலகையின் பெரும்பயன் அடுக்கை வெளியிலேயே கட்ட முடிவதுதான். 5 அல்லது 6 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் துளையிட்டு, கீழிருந்து அக்ரிலிக் தண்டுகளை மேலே நிறுத்தி, பாறையில் இட்ட துளைகளுக்குள் அவற்றைச் செருகினால், அடிப்பாறை தகட்டோடு ஒன்றாகிவிடும். தண்டின் அடிமுனையும் ஆணித் தலையும் தகட்டுக்குக் கீழே துருத்தாமல் சமனாக இருக்க வேண்டும். துருத்தினால் எடையைப் பரப்புவதற்காக இட்ட தகடே எடையைக் குவித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளைக் கடல்நீரில் நம்ப வேண்டாம். தகடு பாறையின் அடிப்பகுதியைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் போதும். தொட்டியின் முழு அளவுக்கு வெட்டினால் அதன் அடியில் புகும் மணலையும் கழிவையும் எடுக்க வழியிருக்காது. சுவர்களுக்கும் பாறைக்கும் இடையே காந்தத் துடைப்பான் போகும் அளவு இடைவெளி விட வேண்டும்.

ஒன்றை மட்டும் பலகையிடம் எதிர்பார்க்கக் கூடாது. அது தொடுபுள்ளியின் அழுத்தத்தைப் பரப்புகிறது. தட்டின் வளைவைத் தடுப்பதில்லை. வளையும் 6 மி.மீ. பிளாஸ்டிக், வளையும் 12 மி.மீ. கண்ணாடிக்கு முட்டுக்கொடுக்க முடியாது. சட்டமுள்ள தொட்டியில் எடையை இரு முனைகளுக்குப் பிரிக்கும் தேவை பலகை இட்ட பிறகும் அப்படியே இருக்கும்.

பிவிசி சட்டம் நீரோட்டத்துக்கு ஏற்றது. பாறையைத் தரையிலிருந்து சற்று உயர்த்தினால் அடியில் நீர் ஓடும், கழிவு தேங்காது, பாறையின் அடிப்பரப்பிலுள்ள பாக்டீரியாக்களுக்கும் உயிர்வளி கிடைக்கும். ஆனால் அறுத்த குழாயின் முனையை நேராகக் கண்ணாடிமேல் நிறுத்துவது பாறையின் மூக்குகளை நிறுத்துவதைவிட அதிகம் மேலானதல்ல. எடை முழுவதும் மெல்லிய வளையங்களில் இறங்கும். கீழே படுக்கைவாட்டில் குழாய்களை டீ, எல்போ கொண்டு இணைத்துச் சட்டமாக்கி, அந்தச் சட்டத்தை ஒரு பலகைமேல் வைப்பதே சரி. ஒவ்வொரு குழாயிலும் துளைகள் வேண்டும். காற்று அடைபட்ட குழாய் மேலே எழும்ப முயலும். குடிநீர்க் குழாயையே பயன்படுத்தி, ஒட்டிய சால்வென்ட் நன்றாக உலர்ந்தபின் கழுவி உள்ளே வைக்க வேண்டும்.

அடுக்கைப் பிணைப்பது

மேற்சொன்ன எந்தத் தளமும் சரியும் அடுக்கைக் காப்பாற்றாது. ஒவ்வொரு துண்டும் பசை இல்லாமலே மூன்று புள்ளிகளில் உட்கார வேண்டும். விரலால் தள்ளும்போது ஆடினால் எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும். தண்டுகளும் இருகலவை எப்பாக்ஸியும் அதற்குப் பிறகுதான். வழவழப்பான லைவ் ராக்கின்மேல் எப்பாக்ஸி ஒட்டுவதைவிடத் துளைகளுக்குள் பிதுங்கி இறுகுவதால்தான் பிடிக்கிறது. எனவே அதைப் பூட்டாகக் கருதலாம், தூணாகக் கருதக் கூடாது.

லைவ் ராக்கில் துளையிடும் முன் அதன்மேல் சோவாந்திட், பாலிதோவா வகை உயிர்கள் (பொத்தான்போல் கூட்டமாக வளரும் சிறு பாலிப்புகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றில் சில பாலிடாக்ஸின் என்னும் கொடிய நச்சைக் கொண்டவை. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அந்தப் பாறையை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கொதிக்க வைக்கக் கூடாது, ஆவியோடு நச்சு பரவி வீட்டிலுள்ள அனைவரும் மருத்துவமனைக்குப் போகும் நிலை வரலாம். ஈரக் கையோடு வயர் உள்ள டிரில்லையும் தொட வேண்டாம்.

பாறையையே குறைப்பது

ஆறாவதாக ஒரு வழியும் உண்டு. அது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. 8 முதல் 10 லிட்டருக்கு ஒரு கிலோ பாறை என்னும் பழைய விதி, பாறையே முதன்மை வடிகட்டியாக இருந்த நாட்களிலிருந்து வருகிறது. இன்று நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும், சம்ப் எனப்படும் துணைத் தொட்டியில் இடும் துளைகள் நிறைந்த செராமிக் துண்டுகளும் அந்த வேலையின் பெரும்பகுதியை ஏற்கும். நம் எடுத்துக்காட்டுத் தொட்டிக்கு 15 கிலோ நல்ல நுண்துளைப் பாறை போதும். நீந்த இடமும் கூடும்.

இந்தியாவில் வாழ்பவர்களுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. பாறைப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் பல காலம் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதன் இழப்பை அந்தக் கடற்கரை இன்றும் சுமக்கிறது. கரையில் ஒதுங்கிய துண்டாயினும் எடுத்துவரக் கூடாது. செயற்கை செராமிக் பாறையோ வார்ப்புப் பாறையோ வாங்கி அதில் பாக்டீரியாவை வளர்த்துக்கொள்ளலாம். சில மாதப் பொறுமைதான் வேண்டும். சிமெண்ட் கலந்த வார்ப்புப் பாறை நீரின் பிஎச் அளவை உயர்த்தும் என்பதால், அளவு நிலைக்கும்வரை வாரக்கணக்கில் நீர் மாற்றி ஊறவைக்க வேண்டும்.

எதைத் தேர்வது

சட்டமில்லாத, தெர்மாகோல்மேல் முழுவதும் படிந்த தொட்டியில் மணல் வேண்டும் என்றால், எச்டிபிஇ அல்லது அக்ரிலிக் துண்டு, அதன்மேல் பிணைத்த பாறை, இறுதியில் மணல் என்னும் வரிசையே என் தேர்வு. செலவு குறைவு, பின்னாளில் எந்த மீனையும் தயங்காமல் சேர்க்கலாம். மணலே வேண்டாம் என்பவர், அடிப்பக்கம் சமனாக்கிய பாறையை வெறும் கண்ணாடிமேல் வைக்கலாம். அடுக்கும் நாளில் மட்டும், இன்னும் பாறை வைக்காத இடத்தில் ஒரு பலகையைக் காவலாக விரித்து, கடைசித் துண்டை வைக்கும் முன் அதை உருவிக்கொள்ளும்படி திட்டமிட்டால் போதும். சட்டமுள்ள தொட்டிக்கு இரு முனைகளில் இரண்டு பலகைகள், இரண்டு அடுக்குகள். 60 செ.மீ. ஆழத்துக்கு மேற்பட்ட தொட்டியில் உயரமாக எழுப்ப விரும்புபவர் பிவிசி சட்டத்தையும் பலகையையும் சேர்த்துக்கொள்வதில் பயன் உண்டு. சிறிய தொட்டியில் அந்த உழைப்புக்கு ஈடான பலன் கிடைக்காது.

ஏற்கனவே மணல்மேல் பாறை வைத்து ஓரிரு ஆண்டுகள் ஓடிவிட்ட தொட்டியை உடனே கலைக்க வேண்டியதில்லை. கலைத்தால் மணலில் தேங்கிய கழிவு கிளம்பி மீன்களுக்குக் கேடாகலாம். ஒவ்வொரு பாறையின் உச்சியையும் இரண்டு விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அசையாதது இருக்கட்டும். அசைவதன் அடியிலிருந்து மட்டும், நீர் மாற்றும் நாளில் குழாயால் மணலை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் ஒரு பலகைத் துண்டைச் செருகிப் பாறையை அதன்மேல் இறக்குங்கள். ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் தொடாதீர்கள். அந்த வேலை முழுவதும் முடியும்வரை பிஸ்டல் இறாலும் இன்ஜினியர் கோபியும் கடையிலேயே இருக்கட்டும்.